ஒரே வார்டு, இரண்டு கணக்கு

2020 ஜூலையில், கொரோனாவின் முதல் அலை மும்பையை உலுக்கிக்கொண்டிருந்தபோது, மாநகராட்சியும் நிதி ஆயோகும் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து நகரின் மூன்று வார்டுகளில் ரத்தப் பரிசோதனை நடத்தின. கிருமி எத்தனை பேரின் உடலுக்குள் வந்துபோயிருக்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கம். மூன்றில் இரண்டு வார்டுகள் தமிழர்களுக்கு நன்கு பழக்கமானவை. சயான், மாட்டுங்கா, ஆண்டாப் ஹில் எல்லாம் அடங்கிய எஃப் வடக்கு ஒன்று. செம்பூர் அடங்கிய எம் மேற்கு இன்னொன்று. மூன்றாவது, வடகோடியில் இருக்கும் தஹிசர். ஏறத்தாழ 7,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். குடிசைப் பகுதிகளில் வசித்தவர்களில் 57 விழுக்காட்டினரிடம் கிருமி வந்துபோன தடயம் இருந்தது. அதே வார்டுகளில் அடுக்குமாடி வீடுகளில் இருந்தவர்களிடம் அது 16 விழுக்காடுதான். ஒரே நகரம், ஒரே மழைக்காலம், ஒரே வார்டு அலுவலகம். பல இடங்களில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சாலையின் அகலம் மட்டுமே. இந்த வேறுபாட்டுக்கு ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் மக்கள் நெருக்கமும் ஒன்று, பொதுக் கழிப்பறையும் ஒன்று.

வர்க்கம் என்ற பேச்சே பழசாகிவிட்டது என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். ஆலைகள் மூடப்பட்டுவிட்டன, தொழிற்சங்கக் கொடிகள் இறங்கிவிட்டன, எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. படிப்பும் உழைப்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் மேலே வரலாம் என்பது இன்றைய பொதுப்புத்தி. இதைச் சோதித்துப் பார்க்க சயானைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். வெவ்வேறு வர்க்கத்தாரை ஒப்பிடும்போது மொழி வேறு, ஊர் வேறு, பண்பாடு வேறு, அதனால்தான் வாழ்க்கையும் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சயான் ரயில் நிலையத்தின் இருபுறமும் அந்தச் சாக்கு எடுபடாது. தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி. கிழக்கே சயான் சர்க்கிள், அதைத் தாண்டி மாட்டுங்கா. இரண்டு பக்கமும் தமிழ் பேசுகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒரே சென்னை மாகாணத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே காலகட்டத்தில், பிழைப்புத் தேடி வந்தவர்களின் வாரிசுகள். இரண்டு பக்கமும் காலையில் இட்லி வேகிறது. மொழியும் புலம்பெயர்வும் நகரமும் சமமாக இருந்தும் நூறாண்டுக்குப் பிறகு இரண்டு வாழ்க்கைகளும் இவ்வளவு விலகி நிற்கின்றன என்றால், அந்த விலகலுக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கிறது.

கிழக்குப் பக்கத்துக் கதை 1896இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோயில் தொடங்குகிறது. நெரிசலும் அசுத்தமும்தான் நோய்க்குக் காரணம் என்று முடிவுகட்டிய பிரிட்டிஷ் அரசு 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டை அமைத்தது. டிரஸ்டின் வேலைகளில் ஒன்று, நகரின் வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பக்கத்து நிலங்களைச் சமன்செய்து, சாலையும் சாக்கடையும் போட்டு, நடுத்தர வருமானக்காரர்களுக்கான புதிய குடியிருப்புகளை உருவாக்குவது. இந்தப் பகுதி உருவான விதத்தை வரலாற்றாசிரியர் நிகில் ராவ் 2013இல் வெளியான தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அதில் என்னைக் கவர்ந்தது பெரிய கட்டடங்களின் கதையைவிட ஒரு சின்ன மாற்றம்தான். அதுவரை பம்பாயின் சாமானிய வீடு என்பது சால். வரிசையாக அறைகள், முன்னால் ஒரு நீண்ட தாழ்வாரம், அதன் கோடியில் எல்லாருக்கும் பொதுவான குழாயும் கக்கூஸும். மாட்டுங்காவில் 1920, 30களில் எழுந்த அடுக்குமாடி வீடுகளிலோ சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாம் வாசற்கதவுக்கு உள்ளேயே இருந்தன. கக்கூஸ் கொல்லைக் கோடியில்தான் இருக்க வேண்டும் என்று வளர்ந்த ஆசாரக் குடும்பங்களுக்கு அது அந்தக் காலத்தில் சாதாரண மாற்றமாக இருந்திருக்காது. ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த குமாஸ்தாக்கள், ஸ்டெனோகிராபர்கள், கணக்கர்கள் அங்கே குடியேறினார்கள். 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் பிறந்தது. 1952இல் ஷண்முகானந்தா சபா. 1960இல் சயானில் கல்விக் கழகத்தின் கல்லூரி. மெஸ், கோயில், பள்ளி, சபா என்று ஒரு தலைமுறை தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் நடந்துபோகும் தூரத்தில் கட்டிக்கொண்டது.

மேற்குப் பக்கத்துக்கு டிரஸ்ட் வரவில்லை. நகருக்குள் இருக்கக் கூடாது என்று விரட்டப்பட்டவை அங்கே வந்து சேர்ந்தன. அவற்றில் முக்கியமானது தோல் பதனிடும் தொழில். நாற்றமடிக்கும் அந்த வேலைக்கு ஊரின் எல்லையில், மாஹிம் கழியை ஒட்டிய சதுப்பு நிலம் போதும் என்று நகரம் தீர்மானித்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அந்தத் தொழிலைத் தேடி வந்தார்கள். சேற்றில் குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியதே அவர்கள்தான். 1913இல் விநாயகர் கோயில் எழுப்பினார்கள்; ஆதிதிராவிட மகாஜன சங்கம் அமைத்தார்கள்; பின்னாளில் காமராஜர் பெயரில் பள்ளி வந்தது. நிறுவனம் கட்டும் திறமை ஒரு பக்கத்தாருக்கே வாய்த்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். வித்தியாசம், கட்டிய மண் யாருடையது என்பதில் இருந்தது. கிழக்கே குடியேறியவர் வாடகைதாரராக இருந்தாலும் அவர் இருப்பது சட்டப்படியான கட்டடம். மேற்கே சதுப்பைத் தரையாக்கியவர் கடைசிவரை ஆக்கிரமிப்பாளர். ஒரு வீட்டின் முகவரியை வைத்து வங்கி கடன் கொடுக்கும், இன்னொரு வீட்டின் முகவரியை வைத்து அதிகாரி இடிக்க வருவார் என்றால், இரு வீட்டாரும் ஒரே அளவு உழைத்தாலும் இருபது வருஷத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர மாட்டார்கள்.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, நீங்கள் சொல்வது வர்க்கம் இல்லை, சாதி என்பார். இருக்கிற மறுப்புகளில் இதுதான் கனமானது. இதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே போக முடியாது. யார் மாட்டுங்காவுக்குப் போனார்கள், யார் தாராவிக்குப் போனார்கள் என்பதைத் தொடக்கத்தில் முடிவு செய்தது சாதிதான். ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் விடப்பட்டவர் டைப்ரைட்டிங் கற்று வந்தார்; சேரிக்கு வெளியே கால் வைக்க விடப்படாதவர் உடல் வலுவோடு மட்டும் வந்தார். தமிழ்ப் பிராமணர்கள் எப்படி ஒரு நடுத்தர வர்க்கச் சாதியாகவே உருமாறினார்கள் என்று மானிடவியலாளர்கள் கிறிஸ் புல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2014இல் ஒரு முழு நூலே எழுதினார்கள். இன்றும் சாதி தனியாகவே வேலை செய்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியைக் காட்டிய வேலை விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள்; தலித் பெயர் தாங்கியவற்றுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. அந்த விண்ணப்பத்தில் வர்க்கம் எதுவும் மாறவில்லை.

ஆனால் சாதியை மட்டும் வைத்துத் தாராவியை விளக்கப் போனால் பாதி வழியில் நின்றுவிடுவோம். அங்கே இன்று ஆதிதிராவிடரும் நாடாரும் தமிழ் முஸ்லிமும் உத்தரப்பிரதேசத்துக்காரரும் பிகார்க்காரரும் ஒரே சந்தில் ஒரே கழிப்பறை வரிசையில் நிற்கிறார்கள். ஒரே சாதிக்குள்ளேயே கீழே வீடு வைத்திருப்பவர் ஒருவர், அவர் வீட்டு மாடி ரூமில் வாடகைக்கு இருப்பவர் இன்னொருவர். கிழக்கே மாட்டுங்காவில் தமிழ்ப் பிராமணருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் குஜராத்தி ஜைனராக, கட்ச்சி வியாபாரியாக இருக்கிறார். சாதி வேறு, மதம் வேறு, கதவுக்கு உள்ளே இருக்கும் வசதி ஒன்று. சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்பவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் இதே பம்பாயிலிருந்துதான் எழுதினார். அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: சாதி ஆட்களை வரிசைப்படுத்திவிட்டுப் பேசாமல் இருந்தாலும், அந்த வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள வர்க்கம் இருக்கிறது. யாரும் யாரிடமும் சாதி கேட்காத ஒரு நாள் வந்தாலும், சொந்தக் கழிப்பறை இருக்கும் வீட்டுக் குழந்தையும் வரிசையில் நிற்கும் குழந்தையும் ஒரே நேரத்துக்குப் பள்ளிக்குக் கிளம்பப் போவதில்லை.

அடுத்த மறுப்பு எளிது, ஆனால் அடிக்கடி கேட்பது. தாராவியில் எல்லார் வீட்டிலும் டிவி இருக்கிறது, ஃப்ரிட்ஜ் இருக்கிறது, ஏசி மாட்டிய அறைகள்கூட உண்டு; அப்புறம் என்ன ஏழை, என்ன பணக்காரன் என்பது. இதோடு சேர்த்து, தாராவியின் தொழில்கள் ஆண்டுக்கு 100 கோடி டாலர் புரட்டுகின்றன என்ற மதிப்பீட்டையும் வியப்போடு சொல்வார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கும் மேலாண்மைப் பேராசிரியர்களுக்கும் பிடித்த எண் அது. மொத்தம் எவ்வளவு புரள்கிறது என்று சொல்லும் அந்த எண், யார் கையில் எவ்வளவு நிற்கிறது என்பதைச் சொல்வதில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் சேட் இருக்கிறார், பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் இருக்கிறார். பின்னவர் பல சமயம் இரவில் அந்தப் பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறார். அதிகாலையில் இட்லி அவித்து, அண்டாவைத் தலையிலும் சைக்கிளிலும் ஏற்றி நகரமெங்கும் விற்கப் போகிறவர்களிலும் சொந்தமாக வியாபாரம் வைத்திருப்பவர் உண்டு, நாள் கூலிக்குப் போகிறவரும் உண்டு. டிவி மலிவாகிவிட்டது உண்மைதான். மும்பையில் மலிவாகாதது தரை. பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளக்கை எரியவிட்டால் காலை ஷிப்ட்டுக்குப் போகிற அப்பாவுக்குத் தூக்கம் கெடும். தவணையில் வாங்கும் எந்தப் பொருளும் இந்தக் கணக்கைத் தீர்க்காது. 2020இல் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று அரசு சொன்னபோதும் இதே கணக்குதான் முன்னால் வந்து நின்றது.

உழைத்தவர்கள் மேலே வரவில்லையா? வந்திருக்கிறார்கள். தாராவியில் பிறந்து பொறியாளரானவர்கள், ஆசிரியர்களானவர்கள், எழுத்தாளர்களானவர்கள் இருக்கிறார்கள். டோம்பிவிலியிலும் கல்யாணிலும் நவி மும்பையிலும் வீடு வாங்கிப் போனவர்கள் ஏராளம். மாட்டுங்காவுக்கு வந்தவர்களும் பணக்காரர்களாக வந்துவிடவில்லை. தகரப் பெட்டியோடு வந்து மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே அறையில் ஆறு பேர் தங்கித் தொடங்கியவர்கள்தான். இதை யாரும் மறுக்கவில்லை. கேள்வி, சிலர் ஏறினார்களா என்பதில் இல்லை. ஏறுவதற்கு ஆகும் காலம் இரு பக்கத்திலும் ஒன்றா என்பதில் இருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2018இல் ஒரு மதிப்பீட்டைச் சொன்னது: வருமான வரிசையின் கடைசிப் பத்தில் ஒரு பங்கில் இருக்கும் குடும்பம் நாட்டின் சராசரி வருமானத்தைத் தொட டென்மார்க்கில் இரண்டு தலைமுறை ஆகும், இந்தியாவில் ஏழு. தாராவிக்கு முதல் தோல் தொழிலாளி வந்து இன்னும் ஏழு தலைமுறை ஆகவில்லை. மாட்டுங்காவின் தகரப் பெட்டிக்காரருக்கோ ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. பெட்டிக்குள் மெட்ரிகுலேஷன் சான்றிதழ் இருந்தது ஒரு காரணம். கோட்டைப் பகுதி அலுவலகத்தில் ஏற்கெனவே வேலை பார்த்த மாமா ஒருவர், அடுத்த மாதம் இங்கே ஒரு இடம் காலியாகிறது என்று சொல்ல இருந்தது இன்னொரு காரணம். 2022இல் ராஜ் செட்டியின் குழு அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்ட பேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்தபோது கண்டது இதைத்தான்: வசதியானவர்களோடு பழகும் வாய்ப்பு அதிகம் உள்ள ஊரில் வளரும் ஏழைப் பிள்ளைகளே பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள்.

அப்படிப் பழகும் வாய்ப்பை உண்டாக்க நம்மிடம் ஒரு சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு ஒதுக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிக்கு அந்தக் கடமை இல்லை என்று விதியை மாற்றியது. மும்பையில் ஒரு கிலோமீட்டருக்குள் மாநகராட்சிப் பள்ளி இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடைமுறையில் அதன் பொருள், உங்கள் பிள்ளைகள் உங்கள் பள்ளியில், எங்கள் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் என்பதுதான். அதே ஆண்டு ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. வர்க்கம் செத்துவிட்ட ஒரு சமூகத்தில் இப்படி ஒரு விதியை எழுத வேண்டிய அவசியமே யாருக்கும் வந்திருக்காது.

மேலைநாடுகளிலும் வர்க்கம் முடிந்துவிட்டது என்ற வாதம் 1990களில் ஓங்கி ஒலித்தது. பிறகு பிபிசியும் சமூகவியலாளர் மைக் சாவேஜும் பிரிட்டனில் நடத்தி 2013இல் முடிவுகளை வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பு, பழைய மூன்று வர்க்கங்களுக்குப் பதில் ஏழு இருக்கின்றன என்று சொல்லி முடித்தது. வர்க்கம் உருமாறுகிறது, அவ்வளவுதான். மும்பையில் அந்த உருமாற்றம் சில சமயம் வேறு வேடத்தில் வரும். 1966இல் சிவசேனை தொடங்கப்பட்டபோது தென்னிந்தியர்கள் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, அலுவலக நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது. அது மராத்தி நடுத்தர வர்க்கத்தின் வேலைப் பிரச்சினை. கல்லெறி விழுந்ததோ பெரும்பாலும் ஓட்டல்கள் மீதும் தெருவோரக் கடைகள் மீதும். குமாஸ்தா மேல் வந்த கோபத்துக்கு இட்லிக்காரர் விலை கொடுத்தார். மொழிச் சண்டை என்று மட்டுமே அதைப் படித்தால் இந்த நுணுக்கம் தப்பிவிடும்.

இரண்டு பக்கமும் கலக்கும் இடங்களே இல்லையா என்றால், இருக்கின்றன. அவை பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடப்பவை. சயான் மருத்துவமனை என்று எல்லாரும் சொல்லும் லோகமான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனை அவற்றில் ஒன்று. ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் அங்கேதான் தொடங்கியது. ஒரு தாய் கொடுத்த பால் எந்த வீட்டுக் குழந்தைக்குப் போகிறது என்று அந்தப் புட்டி கேட்பதில்லை. ஆனால் கையில் காப்பீட்டு அட்டை வந்ததும் நடுத்தர வர்க்கம் அரசு மருத்துவமனையை விட்டு விலகியது. மாநகராட்சிப் பள்ளியையும் அப்படியே விட்டு விலகியது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அவற்றில் தமிழும் ஒன்று. அந்தத் தமிழ் வகுப்புகளில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று போய்ப் பார்த்தால், தமிழ் வளர்ப்போம் என்று சபாக்களில் பேசுகிறவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இருக்க மாட்டார்கள். வசதியுள்ளவர் போய்விட்ட இடத்தின் தரம் குறையும்போது உரக்கக் கேட்க ஆள் இருப்பதில்லை. சயானையும் தாராவியையும் இணைத்த, 1912இல் கட்டிய சாலை மேம்பாலம் இடித்துக் கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. காரில் போகிறவருக்கு அது சுற்றுவழி, கொஞ்சம் கூடுதல் பெட்ரோல். பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிற வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கு அது நாளைக்கு இரண்டு முறை நடை.

இப்போது தாராவியே இடித்துக் கட்டப்படவிருக்கிறது. 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு வென்ற மறுசீரமைப்புத் திட்டம், யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை மிகத் தெளிவாக வகுத்திருக்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. அதற்குப் பின் 2011 ஜனவரி 1 வரை வந்த தரைத்தளக்காரருக்கு வெளியே வேறு இடத்தில் 300 சதுர அடி, இரண்டரை லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். மாடி ரூமில் இருப்பவருக்கு, எத்தனை காலமாக இருந்தாலும், தாராவிக்கு வெளியே வாடகைத் தவணை முறையில் வீடு. இதை எதிர்த்துக் கேட்டால், சட்டவிரோதக் கட்டுமானத்துக்கு இவ்வளவு தருவதே பெரிது என்பார்கள். ஓரளவு நியாயமான பதில் போலத் தோன்றும். ஆனால் அந்தத் தரையைச் சதுப்பிலிருந்து எடுத்தவர்களுக்கு நூறாண்டாகச் சட்டபூர்வமான வீட்டை யாரும் விற்கவில்லை என்பதையும், அவர்கள் தைத்த பையும் அவித்த இட்லியும் துலக்கிய பாத்திரமும் இல்லாமல் சட்டபூர்வமான பக்கம் ஒரு நாளும் ஓடவில்லை என்பதையும் அந்தப் பதில் கணக்கில் எடுப்பதில்லை. தண்டவாளத்துக்குக் கிழக்கே, மாட்டுங்காவிலும் சயானிலும் இருக்கும் பழைய வாடகைக் கட்டடங்களும் இதே ஆண்டுகளில் இடித்துக் கட்டப்படுகின்றன. அங்கே பதிவுபெற்ற ஒவ்வொரு வாடகைதாரருக்கும் அதே மனையில் புது வீடு கிடைக்கிறது. அவர் தரைத்தளத்தில் இருந்தாரா, மூன்றாம் மாடியில் இருந்தாரா என்று எந்தப் படிவமும் பார்த்துப் பிரிப்பதில்லை.